மிளகாய்த் தோட்டத்தில் இறைச்சி வெப்பமானி

நண்பகல் பன்னிரண்டரை மணி. வேலணையில் என் மிளகாய்த் தோட்டத்தில், நான்காம் நிரைக்கும் ஐந்தாம் நிரைக்கும் நடுவில், மடித்துப் போட்ட சாக்கின்மேல் முழங்காலில் நின்றுகொண்டிருந்தேன். தலையில் ஈரத் துவாய். இடது கையில் குறிப்பேடு. எனக்கு முன்னால் வெறும் மண்ணில் சரிவாகக் குத்தப்பட்டிருந்த வெப்பமானியின் முள் மெல்ல வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அது சாதாரண வெப்பமானி அல்ல. வட்ட முகம். முகத்தில் மூன்று படங்கள். முதலில் ஒரு மாடு, அடுத்தது ஒரு பன்றி, கடைசியில் ஒரு கோழி. முள் மாட்டின் வாலை நெருங்கியிருந்தது.

"தம்பி சபா, மண்ணுக்குக் காய்ச்சலோ?" வேலிக்கு அப்பாலிருந்து பாக்கியமக்காவின் குரல் கேட்டது.

"ஓம் அக்கா. நூற்று முப்பத்தெட்டு."

"ஐயோ, பேந்தென்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? தூக்கிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடும்."

"இது பரனைற் பாகை அக்கா. முப்பத்திரண்டைக் கழிச்சு, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் பிரிக்க வேணும்."

"ஏன் முப்பத்திரண்டைக் கழிக்கிறீர்? பல்லைக் கழட்டி வைச்சிட்டோ மண் சூடு பாக்கிறது?"

கழித்துப் பெருக்கிப் பிரித்தேன். ஐம்பத்தெட்டு தசம் ஒன்பது. எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அக்கா வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் தலையை நுழைத்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதென்ன, மாட்டுப் படம்?"

பொய் சொல்லத் தெரியாததால் உண்மையைச் சொன்னேன். வெளிநாட்டில் இறைச்சியை அடுப்பில் வைத்து வாட்டும்போது உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று குத்திப் பார்க்கிற கருவி இது. மாட்டுக்கு இவ்வளவு, பன்றிக்கு இவ்வளவு, கோழிக்கு இவ்வளவு.

அக்கா படங்களை இன்னொருமுறை பார்த்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார். "அப்ப இப்ப உம்மட மண் எந்த அளவில நிக்குது?"

"அரை வேக்காட்டு மாடு, அக்கா."

"சிவ சிவா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா."

பதினாறு பங்கு

இந்த வெப்பமானி எப்படி என் தோட்டத்துக்கு வந்தது என்பதைச் சொல்வதற்கு முதலில் கிணற்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டக் கிணற்றை வெட்டியவர் என் பூட்டனார். அவருடைய பிள்ளைகள் நால்வர். நால்வருக்கும் நான்கு நான்காகப் பிள்ளைகள். ஆகவே காணி உறுதிகளில் 'கிணற்றில் பதினாறில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் பாவனை உரிமையும்' என்று எழுதப்பட்டிருக்கும். பதினாறில் பதினான்கு பங்கு இப்போது வெளிநாட்டில் இருக்கிறது. மிச்சம் இரண்டு. ஒன்று நான், மற்றது பாக்கியமக்கா. எனக்குத் தூரத்து முறையில் அக்கா. கிட்டத்து முறையில் அயல்.

என் தோட்டமும் அவருடைய தோட்டமும் ஒரு கிடுகு வேலியால் பிரிபடுகின்றன. வேலியின் தலைமாட்டில் ஒரு பூவரசு. பூவரசின் கீழ் வைரவர். சிலை கிடையாது, ஒரு சூலமும் ஒரு கல்லும்தான். கிணற்றிலிருந்து வரும் தாய் வாய்க்கால் வைரவருக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து, வலக்கை எனக்கும் இடக்கை அக்காவுக்குமாகப் போகும்.

போரால் ஊர் வெறுமையாகக் கிடந்த வருடங்கள் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வேலி இல்லை, வைரவரின் சூலம் சரிந்து கிடந்தது. கிணற்றுத் தண்ணீர் மட்டும் இளநீர் போல இருந்தது. வருடக்கணக்காக ஒருவரும் இறைக்காததால் நல்ல தண்ணீர் மேலே ஊறி நிறைந்திருந்தது. அள்ளிக் குடித்துவிட்டு அன்று பாக்கியமக்கா சொன்னார். "கிணத்துக்கு நாங்கள்தான் வருத்தம் போல கிடக்கு."

நான் சொல்லவந்த ஆவணியில் கிணற்றின் அந்த நோய் முற்றிவிட்டது. தண்ணீர் உப்புக் கரித்துச் சவர்க்கத் தொடங்கியது. வந்து பார்த்த விவசாயப் போதனாசிரியர், தீவு நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருப்பதாகவும், இப்படியே இரண்டு தோட்டத்துக்கும் இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும் என்றும், மழை வரும்வரை பாதிதான் இறைக்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அதை நான் பங்காளிகளின் கைபேசிக் குழுவில் எழுதினேன். ஒழுங்கானவன் என்றால் அப்படித்தான் செய்வான். அதுதான் பிழை.

உலைக்காரர்

குழுவின் தலைவர் கனகண்ணை. என் பெரியப்பாவின் மகன். கனடாவில் முப்பது வருடம் வீடுகளுக்குச் சூடேற்றும் உலைகளைப் பூட்டியும் திருத்தியும் ஓய்வு பெற்றவர். பூமியில் உள்ள எதைப் பார்த்தாலும் அவருக்கு அது ஒரு வீடாகத் தெரியும். அதில் எங்கேயோ சூடு கசிகிறது என்றும் தெரியும்.

எங்களுக்கு மாலை ஆறு, அவருக்குக் காலை. முதற் கூட்டத்தில் அவர் கேட்ட முதற் கேள்வி: "சபா, உந்த மண்ணுக்குக் கீழ பேஸ்மென்ற் ஏதும் இருக்கோ?"

"இல்லை அண்ணை. முருகைக்கல்."

"அப்ப சூடு மேலாலதான் போகுது. தண்ணி வெளியேற ரெண்டு வாசல். ஒண்டு மண், மற்றது இலை. மண் சும்மா ஆவியாய் விடும். மிளகாய்க் கண்டு குடிச்சுப்போட்டு இலையால விடும். எந்தத் தோட்டம் வாசலை அகலத் திறந்து வைச்சிருக்கெண்டு அளக்க வேணும்."

இதில் தவறு எதுவும் இல்லை. பின்னால் நான் போதனாசிரியரிடம் கேட்டேன், அவரும் அப்படித்தான் சொன்னார். தொல்லை என்னவென்றால், கனகண்ணை அதோடு நிற்கவில்லை.

நான் ஆளுக்குப் பாதி இறைப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். "அரைச் சூட்டில ரெண்டு வீடும் விறைக்கும்" என்றார். "ஒரு வீட்டையெண்டாலும் ஒழுங்காச் சூடாக்க வேணும். எந்தத் தோட்டம் குறையக் குடிக்குதோ, மழை வரும்வரை மிசின் அறைச் சாவி அதுக்கு."

இறைக்கும் மிசின் குழு வாங்கித் தந்தது. சாவி யாரிடம் இருப்பது என்பதைக் குழுதான் தீர்மானிக்கும். பாரிஸில் இருப்பவர் ஆமோதித்தார். லண்டன் மச்சாள் எப்போதும் போல இரண்டு கைகூப்பிய படங்களை அனுப்பினார்.

மழை ஐப்பசியில்தான். எனக்குப் பதினெட்டு நிரை, நிரைக்கு இருபத்துநான்கு, நானூற்று முப்பத்திரண்டு மிளகாய்க் கன்றுகள் பூத்து நின்றன. அக்காவின் கத்தரி பிஞ்சு பிடித்திருந்தது. எத்தனை கன்று என்று அவருக்கே தெரியாது. தோற்றவரின் தோட்டம் பத்து நாளில் விறகு.

ஒரு கிழமையில் பெட்டி வந்தது. அதற்குள் ஆறு வெப்பமானிகள். மலிவு விற்பனையில் எடுத்ததாகவும், சூடு என்றால் எல்லாம் சூடுதான், இறைச்சியென்றும் மண்ணென்றும் முள்ளுக்குத் தெரியாது என்றும் கனகண்ணை எழுதியிருந்தார்.

யாரும் கேட்காத சூடு

போன கிழமை இந்தப் பத்தியில் என் குறிப்பேடுகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், உங்களுக்கு வேறு வேலை இருக்கவில்லையா என்று கேட்டிருந்தார். இருந்தது. முன்கூட்டியே ஓய்வு பெறும்வரை ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தேன்.

ஆய்வுகூடச் சுவரில் ஒரு வெப்பமானி தொங்கியது. ஒவ்வொரு நாளும் காலை ஏழு நாற்பதுக்கு அதைப் பார்த்து எழுதிவைப்பேன். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு புதிய அதிபர் அந்தக் கொப்பிகளைக் கண்டார்.

"இதை ஆருக்கு அனுப்புறனீர்?"

"ஒருத்தருக்கும் இல்லை சேர்."

"அப்ப ஏன் எழுதுறீர்?"

"நேற்றும் எழுதினனான் சேர்."

அவர் கொப்பியை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பித் தந்தார். அதன் பிறகு அவர் என்னோடு மிகவும் மரியாதையாக, கொஞ்சம் தள்ளி நின்றே கதைப்பார்.

ஆகவே இந்தப் போட்டியில் அளக்கிற வேலையும் எனக்கே வந்தது. போட்டியாளனே நடுவராக இருப்பது சரியா என்று கேட்டேன். "சபா பொய் எழுதமாட்டான்" என்றார் கனகண்ணை. பாக்கியமக்காவும் அதையே சொன்னார், வேறு விதமாக. "பொய் எழுதுறதுக்கும் ஒரு மூளை வேணுமெல்லோ."

வாளிகள்

முறை இது. பழைய பெயின்ற் வாளி இரண்டு. ஒவ்வொன்றிலும் அந்தந்தத் தோட்டத்து மண். அந்தந்தத் தோட்டத்துக் கன்று ஒன்று வேரோடு. நிரையின் நடுவில் ஒரு கன்று நிற்க வேண்டிய இடத்தில் குழி தோண்டி வாளியை விளிம்புமட்டும் இறக்கிவிட வேண்டும். பக்கத்துக் கன்றுகளுக்கு அடிக்கிற வெயிலும் காற்றும் மண் சூடும் அதற்கும் அடிக்கும். ஏழு நாள். வாளிக்குத் தண்ணீர் வார்க்கக் கூடாது. தினமும் காலை ஆறரைக்குத் தூக்கி நிறுக்க வேண்டும். குறைந்த நிறை எவ்வளவோ, அவ்வளவு தண்ணீர் அந்த இரண்டு வாசலாலும் போயிருக்கிறது. ஏழு நாளில் குறையப் போனவர் வென்றவர்.

தராசு, மீன் வாங்குகிற ஒருவரிடம் இரவல் எடுத்த வில்தராசு. ஐம்பது கிராமுக்கு ஒரு கோடு. பாரை மீன் மணக்கும்.

"மாட்டுச் சாமானால சூடு பாக்கிறீர், மீன் தராசில நிறுக்கிறீர்" என்றார் அக்கா. "என்ர கத்தரிக்காயைச் சைவக்காரர் இனி வாங்குவினமோ?"

தராசை மூன்று முறை சாம்பல் போட்டுக் கழுவினேன். மாட்டுப் படங்களுக்கு மேல் மருந்துப் பிளாஸ்ரர் ஒட்டினேன். அக்கா ஆறு பிளாஸ்ரரிலும் திருநீறு பூசினார். அதன் பிறகுதான் வெப்பமானிகள் திரும்பவும் தோட்டத்துக்குள் அனுமதிக்கப்பட்டன. மூன்று எனக்கு, மூன்று அவருக்கு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் நிரைகள் கயிறு பிடித்து நட்டவை. நிரைக்கு நிரை மூன்று அடி. இடையில் ஒரு புல் நிற்காது. காலையில் பிடுங்குவேன், மாலையில் பார்த்து மிச்சத்தைப் பிடுங்குவேன். வீதியால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். அக்காவின் நிரைகள், நிரை என்று சொன்னால்தான் நிரை. கத்தரிக்கு நடுவில் கீரை, கீரைக்கு நடுவில் புல், புல்லுக்கு மேல் காய்ந்த பனையோலை, ஓலைக்கு மேல் கோழி. இந்தக் கோழி படமல்ல.

முதல் நாள் நண்பகல்: என் நிரை இடைவெளியில், அந்த வெள்ளிக்கிழமை பரீட்சித்துப் பார்த்தபோது போலவே, நூற்று முப்பத்தெட்டு. அக்காவின் ஓலைக்குக் கீழே தொண்ணூற்றெட்டு.

கருவி பழுது என்று நினைத்து இரண்டையும் மாற்றிக் குத்தினேன். அதே கதை. என் கன்றின் இலையைப் பின்னங்கையால் தொட்டேன். பக்கவாட்டிலிருந்து, வெறும் மண்ணிலிருந்து, அடுப்பு வாயில் நிற்பதுபோல் சூடு வந்து இலையில் மோதிக்கொண்டிருந்தது. மேலே வெயில், இரண்டு பக்கமும் மண். சூடு தணிக்கக் கன்று இன்னும் இன்னும் குடிக்கும்.

"இதுக்கு வெப்பமானி வேணுமே?" அக்கா வேலியில் சாய்ந்து கேட்டார். "வெறும் நிலம் கொதிச்சா அந்தக் கொதி பக்கத்தில நிக்கிறதுக்குத்தானே அடிக்கும். உம்மட மிளகாய் வெயில்ல நிக்கேல்லை தம்பி, வறுக்கிற தாச்சியில நிக்குது. அதுவும் வடிவாய்க் கூட்டித் துடைச்ச தாச்சி."

முதல் மூன்று நாள் என் வாளி இழந்தது எழுநூறு கிராம், எழுநூற்றைம்பது, எழுநூறு. அக்காவின் வாளி நானூற்றைம்பது, நானூற்றைம்பது, நானூறு. மூன்றாம் நாள் நண்பகல் என் வாளிக் கன்று தலை தொங்கி நின்றது. நான் கயிறு பிடித்து நட்ட பதினெட்டு நிரையையும் பார்த்துக்கொண்டு வரம்பில் இருந்தேன். தோற்கப்போகிறேன் என்று தெரிந்தது. என் சுத்தத்தால் தோற்கப்போகிறேன் என்பதும் தெரிந்தது. அதையும் எழுதிவைத்தேன்.

மண் மூச்சு விடுகிறது

நான்காம் நாள் காலை என் வாளி நூறு கிராம்தான் குறைந்திருந்தது.

தராசைத் தட்டினேன். மனைவியைக் கூப்பிட்டு ஒரு கிலோ சீனிப் பையை நிறுத்துப் பார்த்தேன். சரியாக ஒரு கிலோ. வாளியைத் திரும்ப நிறுத்தேன். நூறுதான். கன்று நிமிர்ந்து நின்றது. இலைகளில் ஒரு தெளிவு.

மாலைக் கூட்டத்தில் எண்களை வாசித்தேன். கனகண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார். திரையில் அவருடைய வயிறு மட்டும் தெரிந்தது.

"கண்டுபிடிச்சிட்டன் சபா! உன்ர மண் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைச்சிருக்கு. விடியக் காத்தால அதைத் திருப்பி விடுது. ஈரமும் அதோட சேர்ந்து எழும்பிக் கண்டில படியுது. என்ர வீட்டு யன்னல்ல மாரி காலத்தில தண்ணி வடியிறேல்லையே? அதேதான்! மண் மூச்சு விடுது!"

"அப்படியெண்டால் முதல் மூன்று நாளும் ஏன் விடேல்லை அண்ணை?"

"உலை சூடாக நேரம் எடுக்குமெல்லோ."

ஐந்தாம் நாள் ஐம்பது கிராம். கனகண்ணை அம்புக்குறிகள் போட்ட ஒரு படம் கீறிக் குழுவுக்கு அனுப்பினார். சிவப்பு அம்புகள் சூடு, நீல அம்புகள் தண்ணீர். என் மிளகாய்க் கன்று நடுவில் ஒரு அரச குமாரி போல நின்றது. பாரிஸ்காரர் இதை ஏதாவது பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். லண்டன் மச்சாள் நான்கு கைகள் கூப்பினார்.

எனக்கு நித்திரை வரவில்லை. நான் எழுதிய எண் சரி. ஆனால் அந்த எண்ணை எனக்குப் பிடிக்கவில்லை. ஆறாம் நாள் காலை ஐந்தரைக்கே போய், கிணற்றடி முருங்கைக்குப் பின்னால் சாக்கைப் போட்டு இருந்தேன். மண் மூச்சு விட்டால் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கையில் ஒரு வெப்பமானியும் இருந்தது.

மண் மூச்சு விடவில்லை. பாக்கியமக்கா வந்தார்.

தோய்ந்த தலை, கையில் பூத்தட்டு, மற்றக் கையில் செம்பு. வைரவருக்கு முன்னால் நின்று பூ வைத்தார். செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கல்லில் வார்த்தார். ஏதோ முணுமுணுத்தார், என் பெயரும் அதில் கேட்டது போலிருந்தது. பிறகு செம்போடு வேலிப் பொட்டுக்குள்ளால் என் தோட்டத்துக்குள் நுழைந்து, நேராக நான்காம் நிரைக்குப் போய், மிச்சத் தண்ணீரை என் வாளியில் ஊற்றினார். கடைசித் துளிவரை. செம்பைத் தட்டியும் விட்டார்.

"அக்கா!"

திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. "முருங்கைக்குப் பின்னால நிண்டு என்ன செய்யிறீர்? வயித்துக்குள்ள ஏதும் சுகமில்லையோ?"

"நீங்கள் தண்ணி வாக்கிறியள்!"

"ஆர், நானோ? நான் ஏன் உம்மட வாளிக்குத் தண்ணி வாக்கிறன்? இது வைரவருக்கு வாத்ததில மிச்சம். அது காலில படக்கூடாது, கண்டிலதான் ஊத்துறது. முந்தி என்ர கத்தரியிலதான் ஊத்துறனான்."

"பேந்து ஏன் மாத்தினனீங்கள்?"

"போட்டி நடக்குதெல்லோ. என்ர கண்டில ஊத்தினா, பாக்கியம் களவாய்த் தண்ணி வாத்தாளெண்டு நாளைக்குக் கனடா முழுக்கக் கதை வரும். அதுதான் ஞாயமா உம்மட கண்டில ஊத்தினனான்." கொஞ்சம் நிறுத்தினார். "அதோட அது மூண்டாம் நாள் நாக்கு வறண்டு கிடந்தது. வாளிக்கு மட்டும் தண்ணி இல்லையாம், சுத்திவர நிக்கிறதெல்லாம் குடிக்குதாம். பந்தியில ஒருத்தருக்கு மட்டும் இலை போடாத மாதிரி. என்னால பாக்க ஏலாது."

நான் செம்பை வாங்கிப் பார்த்தேன். வழமையாக எவ்வளவு வைரவருக்கு, எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். அளவுச் சாடி கொண்டுவந்து அளந்தேன். அறுநூற்றைம்பது மில்லிலீற்றர். எழுநூற்றைம்பதில் அறுநூற்றைம்பது போனால் நூறு. எழுநூறில் போனால் ஐம்பது. எல்லாம் ஒரு கிராம் பிசகாமல் பொருந்தியது. என் வாழ்க்கையில் எந்த அளவும் அவ்வளவு அழகாகப் பொருந்தியதில்லை.

அக்கா என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் ஊத்தினதாலதான் உம்மட வாளி வெல்லுதோ?"

"ஓம் அக்கா."

அவர் பூவரசின் பக்கம் திரும்பி வைரவரை ஒரு பார்வை பார்த்தார். "நல்ல ஆள்தான் நீர்" என்றார். வைரவரையும் அவர் நீர் என்றுதான் சொல்வார்.

தீர்ப்பு

ஏழாம் நாளும் அவர் ஊற்றினார். வைரவருக்கு வார்ப்பதை நிறுத்தச் சொல்ல என்னால் ஏலாது. மிச்சத்தை நிலத்தில் கொட்டச் சொல்லவும் ஏலாது. அவருடைய கன்றில் ஊற்றச் சொன்னால் அவர் கேட்கமாட்டார். மொத்தம்: என் வாளி இரண்டு கிலோ நானூற்றைம்பது கிராம் இழந்தது. அக்காவின் வாளி மூன்று கிலோ.

மாலைக் கூட்டத்தில் அக்காவும் என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். நான் எல்லாவற்றையும் வாசித்தேன். செம்பு, நேரம், அளவு, கழித்தல். என் வாளியின் உண்மையான இழப்பு ஐந்து கிலோவுக்கு ஐம்பது கிராம் மேல் என்றேன். வெறும் மண் நூற்று முப்பத்தெட்டு, ஓலை மூடிய மண் தொண்ணூற்றெட்டு என்றேன். வென்றது பாக்கியமக்கா, சாவி அவருக்கு என்று முடித்தேன்.

கனகண்ணை தான் கீறிய படத்தை எடுத்துப் பார்த்தார். கனடாவில் ஒரு நாய் குரைத்தது.

"சபா" என்றார் கடைசியில். "வைரவருக்கு வாத்த தண்ணியைக் கணக்கில எடுக்க ஏலாது."

"அண்ணை, அது அறுநூற்றைம்பது மில்லிலீற்றர்."

"அது சாமி காரியம். இது விஞ்ஞானம். விஞ்ஞானத்துக்குள்ள சாமியைக் கொண்டுவராதை. தராசு என்ன சொல்லுது? நீ வெண்டிட்டாய் எண்டு சொல்லுது. மண் மூச்சு விடுறது உண்மை. படம் கீறி எல்லாருக்கும் அனுப்பியாச்சு."

வாக்கெடுத்தார்கள். பதினான்கு பங்கும் எனக்கு. எதிராக ஒரு வாக்கு, அது என்னுடையது. பாக்கியமக்கா வாக்களிக்கவில்லை. எழும்பி, சேலைத் தலைப்பால் கதிரையைத் துடைத்து, சுவரோரம் வைத்துவிட்டுப் போனார். ஒரு சொல் நக்கலாகச் சொல்லியிருந்தால் அன்றிரவு நான் சாப்பிட்டிருப்பேன்.

உடைப்பு

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு மிசினைத் திறந்தேன். போதனாசிரியர் சொன்ன பாதி அளவு, ஐம்பது நிமிடம். அதற்கு மேல் கிணறு தாங்காது.

என் வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை. நூல் பிடித்து, மட்டம் பார்த்து, களிமண் பூசிக் கட்டியது. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு நாளும் உடைந்ததில்லை.

ஏழு பத்துக்கு அது உடைந்தது. வைரவருக்குப் பக்கத்தில், வாய்க்கால் பிரியும் இடத்தில், இடக்கைப் பக்கமாக. மண்வெட்டி என் கையில்தான் இருந்தது. தண்ணீர் அக்காவின் கத்தரிக்குள் ஓடியது. நான் குறிப்பேட்டைத் திறந்து எழுதினேன்: வாய்க்கால் உடைப்பு. இருபத்தைந்து நிமிடம்.

எழுதியபின் அந்த வரியை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்துத்தான்.

வேலிக்கு அப்பால் காலடி கேட்டது. அக்கா வந்து தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார்.

"கண்டறியாத வாய்க்கால் கட்டி வைச்சிருக்கிறார்" என்று சத்தம்போட்டார், வீதிக்கும் கேட்கும்படி. "ஒரு மண்ணைக் கட்டத் தெரியாது, இவருக்குச் சாவி ஒரு கேடு! என்ர தோட்டம் முழுக்க வெள்ளம்!" சொல்லிக்கொண்டே தன் பாத்திகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்.

அன்று பின்னேரம் வேலிக்கு மேலால் ஒரு கட்டுப் பனையோலை வந்து என் நான்காம் நிரை இடைவெளியில் விழுந்தது.

"அக்கா, என்ன இது?"

"குப்பை. எங்க போடுறது? உம்மட பக்கம்தான் வெறுமையாக் கிடக்கு."

மறுநாளும் குப்பை. அதற்கடுத்த நாள் பிடுங்கிய புல், கத்தரிச் சருகு, பழைய கிடுகு. நான் அவற்றை எடுத்து வெளியே போடவில்லை. முதல் நாள் கை தானாக அதைப் பொறுக்கப் போனது உண்மை. பிறகு நிரை நிரையாகப் பரப்பினேன். ஓரங்களை மட்டும் கொஞ்சம் நேராக்கினேன். வீதியால் போகிறவர்கள் இப்போது சைக்கிளை நிறுத்துவதில்லை.

ஒரு கிழமை கழித்து நண்பகலில் குத்திப் பார்த்தேன். நூற்றிரண்டு. முள் மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் வெகு தூரத்தில், எந்தப் படமும் இல்லாத வெள்ளைப் பக்கத்தில் நின்றது. இருபத்தைந்து நிமிடத் தண்ணீர் மிளகாய்க்குப் போதுமாக இருந்தது. இருபத்தைந்து நிமிடம் கத்தரிக்கும் போதுமாக இருந்தது. கிணறு அதற்கு மேல் சவர்க்கவில்லை.

கனகண்ணையின் கேள்வி

கிழமைக்கு ஒரு முறை குறிப்பேட்டுப் பக்கங்களைப் படம் பிடித்துக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். ஆய்வுகூடக் கொப்பிகளை ஒருவரும் வாசித்ததில்லை.

ஐப்பசி பிறந்து, மேகம் கறுத்து, முதல் மழைக்கு ஊர் முழுக்கக் காத்திருந்த ஒரு மாலை கனகண்ணை எனக்குத் தனியாக அழைப்பு எடுத்தார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்.

"சபா, உன்ர கொப்பியை முழுக்கப் பாத்தன். நாற்பத்தொரு நாள் வாய்க்கால் உடைஞ்சிருக்கு."

"ஓம் அண்ணை."

"ஒவ்வொரு நாளும் ஏழு பத்துக்கு."

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் இருபத்தைந்து நிமிசம். ஒரு நாளெண்டாலும் இருபத்துநாலோ இருபத்தாறோ இல்லை."

வேலிக்கு அப்பால் பாக்கியமக்காவின் மண்வெட்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"நான் முப்பது வருசம் கசிவு பாத்தவன்" என்றார் கனகண்ணை. "ஒரே இடத்தில, ஒரே நேரத்துக்கு, ஒரே அளவுக்கு ஒழுகிற ஒழுக்கை நான் காணேல்லை. எந்த இடத்திலயடா உது உடையுது?"

"வைரவருக்குப் பக்கத்தில, அண்ணை."

கனடாவில் நாய் குரைத்தது. கனகண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துச் சொன்னார்.

"அப்ப அதைக் கணக்கில எடுக்க ஏலாது."